காஃப் மலைக்கு இந்தப் பக்கம்

1

இந்தக் கதை என் வலது தோளில் தொடங்கியது.

1966இல் நான் தென்காசித் தபால் ஆபீசில் வேலை பார்த்தேன். ராபியா அக்கா வீட்டு மாடியில் குடியிருந்தேன். ஒரு நாள் கிணற்றில் தண்ணீர் இறைக்கும்போது தோள் பிடித்துக்கொண்டது. கடிதங்களில் முத்திரை குத்தக்கூடக் கை எழவில்லை. கூட வேலை பார்த்தவர்கள் சொன்னார்கள் என்று, குற்றாலத்துச் சீசன் கடை ஒன்றில் ஒரு குப்பி எண்ணெய் வாங்கி வந்தேன். மாடிப்படியில் கால் வைக்கும்போது ராபியா அக்கா கேட்டார்.

"கையில என்னட்டி?"

"தோளுக்கு எண்ணெய்க்கா. இருவாச்சிப் பறவையோட கொழுப்புல காய்ச்சுனதாம்."

அவர் மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். உரிப்பது நின்றது.

"அத இந்த வீட்டுக்குள்ள கொண்டு வராத. வெளிய எங்கனயாவது ஊத்திட்டு, கைய நல்லாக் கழுவிட்டு வா."

அந்த வீட்டில் இருந்த காலம் முழுக்க அவர் எனக்கு வேண்டாமென்று சொன்ன ஒரே பொருள் அதுதான். ஊற்றிவிட்டு வந்தேன். பிறகு பல சாயங்காலங்களில், மொச்சைக் காலம் போய்ச் சீனியவரைக்காய் வந்து, அதுவும் போகும்வரை, அவர் விட்டு விட்டுச் சொன்னதுதான் இது.

"இதக் கதையாவா எழுதப்போற?" என்று கேட்டார்.

"எழுதலாம்னு பாக்கேன்."

"எழுது. கதைக்குள்ள என்னைய அவ இவன்னு எழுதிக்க. வீட்டுக்குள்ள அக்கான்னு கூப்பிட்டாப் போதும்."

அனுமதி கிடைத்துவிட்டதால், கதைக்குள் நுழையும்போது அவர் 'அவள்' ஆகிவிடுவார்.

2

எழுதிப் பார்த்துக் கைவிட்ட தொடக்கங்கள்:

'பாரசீகப் பேராசிரியர் முகம்மது மீரான் குற்றாலப் பேரருவியின் முன்னால் நின்று, பறவைகளின் அரசனை நினைத்தபடி—'

இந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. கதை நடப்பது ஏப்ரலில். ஏப்ரலில் பேரருவி என்பது பாறைமேல் ஓர் ஈரக்கோடு. அதன் முன்னால் நிற்பவை குரங்குகள்தான்.

'சங்கிலிப்பாண்டி நாட்டுத் துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு செண்பகாதேவி அருவிக்கு மேலே ஏறினான்.'

முடிந்த வாக்கியம்தான். ஆனால் நான் அந்த ஆளைப் பார்த்ததே இல்லை. துப்பாக்கி அவனுடையதா, இரவல் வாங்கியதா என்றுகூடத் தெரியாது. தெரியாத ஒருவனை முதல் வரியிலேயே மலையேற்றினால் அடுத்த வரியில் அவன் என்னைக் கீழே தள்ளிவிடுவான்.

'பாரசீக ஞானக் கவிதைகளில் வரும் மாயப் பறவைகளுள் மூன்று முக்கியமானவை. அவையாவன—'

இது கட்டுரை. இதில் கொஞ்சம் இந்தக் கதைக்கு வேண்டியிருக்கிறது. ஆனால் நான் சொன்னால் பாடமாகிவிடும். ராபியாவின் அடுக்களையில் வைத்து, அவளுடைய அண்ணன் வாயால் வரட்டும்.

3

1958. ராபியாவின் அண்ணன் மீரான் சென்னையில் ஒரு கல்லூரியில் பாரசீகம் கற்பித்தவர். அந்தப் பாடத்துக்குப் பிள்ளைகள் சேருவது நின்றது, துறையை மூடிவிட்டார்கள். கல்யாணம் செய்துகொள்ளாத மனிதர், ஐம்பது வயதுக்கு மேல் புத்தகப் பெட்டிகளோடும் வீங்கிய வலது முழங்காலோடும் தங்கை வீட்டுக்கு வந்து சேர்ந்தார். ராபியாவின் கணவர் கொழும்பில் கடை வைத்திருந்தார். வருடத்துக்கு ஒருமுறை வருவார். பிள்ளை இல்லை. அண்ணன் வந்தது அவளுக்குத் துணையாகத்தான் இருந்தது.

அவர் ஒரு புத்தகம் எழுத வேண்டும், அதற்குச் சத்தமில்லாத இடம் வேண்டும் என்றார். ராபியா குற்றாலத்தில் ரெங்கம்மாள் வீட்டின் முன்கட்டை எடுத்தாள். சீசனுக்கு முந்தைய மாதங்களில் அங்கே ஈ காக்காய் இருக்காது. பின்கட்டில் ரெங்கம்மாள் மட்டும் இருந்தாள். சீசனில் வீட்டை வாடகைக்கு விட்டுப் பிழைப்பவள்.

புத்தகத்தின் முதல் வரியை எழுதியதும் மீரான் அடுக்களை வாசலில் வந்து நின்று தங்கைக்குப் படித்துக் காட்டினார்:

"இவை பறவைகள் அல்ல."

"பறவை இல்லன்னா எதுக்கு றெக்க வச்சிருக்கு?" என்றாள் ராபியா, அடுப்பை ஊதிக்கொண்டே.

அவருக்குச் சிரிப்பு வந்தது. ஒரு பலகையைப் போட்டு, காலை நீட்டி உட்கார்ந்துகொண்டார்.

"ஹுமான்னு ஒண்ணு இருக்கு. தரையில இறங்கவே இறங்காது. அதோட நிழல் எவன் தலையில விழுதோ அவன் ராஜா. வெறும் எலும்பத் தின்னு பிழைக்கும். ஒரு உசுரயும் நோகடிக்காது."

"அப்ப அதுக்கு என்ன அர்த்தம்?"

"அருள். நீ தேடிப் போனா அகப்படாது. அதா வந்து உன் மேல விழணும்."

"சரி, அடுத்தது?"

"அன்கா. அதுக்குப் பேரு மட்டும்தான் உண்டு. கண்டவன் கிடையாது. எல்லாருக்கும் பேரு தெரியும், ஒருத்தனுக்கும் உருவம் தெரியாது. ஞானிகளுக்கு அது மறைபொருள்."

"கண்டவனே இல்லன்னா அது பறவைன்னு யாரு சொன்னா?"

"இப்படி ஒரு மாணவன் என்கிட்ட கேட்டிருந்தா நான் இன்னும் சென்னையிலயே இருந்திருப்பேன்" என்றார் மீரான். "மூணாவதுதான் பெருசு. சீமுர்க். உலகத்தச் சுத்தி நிக்கிற காஃப் மலையில கூடு கட்டியிருக்கு. மனுசன் வேண்டாம்னு எறிஞ்ச குழந்தைய எடுத்துத் தன் குஞ்சோட குஞ்சா வளத்துச்சாம். தேடிப் போறவுக போய்ச் சேர வேண்டிய கடைசி இடம் அதுதான்."

"பிள்ளைய வளத்துச்சுன்னா பொம்பளப் பறவையா?"

மீரான் யோசித்தார். "பாரசீகத்துல அவன், அவள் கிடையாது. எல்லாத்துக்கும் ஒரே சொல்தான்."

"வசதிதான்" என்றாள் ராபியா. சோறு பொங்கிவிட்டது.

(கட்டுரை இத்துடன் முடிந்தது. இனி வரும் பறவைக்கு எடை உண்டு.)

4

காலையில், அவர்கள் தேநீர் குடிக்கும் வேளையில், வீட்டின் ஓட்டுக் கூரைக்கு மேலே ஒரு சத்தம் போகும். செங்கோட்டையைத் தாண்டி பகவதிபுரம் ஏற்றத்தில் ரயில் மூச்சு வாங்குமே, அந்த மாதிரி. கிழக்கேயிருந்து வந்து கூரையைக் கடந்து மலைப்பக்கம் போய்த் தேயும்.

"அன்கா போயிட்டு இருக்கு" என்பார் மீரான். இது அவர்களுக்குள் தினசரி வேடிக்கையாகிவிட்டது. முழங்காலைத் தூக்கிக்கொண்டு அவர் வாசலுக்கு வருவதற்குள் சத்தம் போய்விடும். சில நாள் கழித்து வாசலுக்கு வரும் முயற்சியையே விட்டுவிட்டார். தேநீர்க் கோப்பையோடு கண்ணை மூடிக் கேட்பார். சத்தம் முடிந்ததும் எழுத உட்காருவார்.

ராபியா ஒருநாள் கிணற்றடியில் நின்றபடி அதைப் பார்த்துவிட்டாள். பெரிய கறுப்புப் பறவை; இறக்கையில் வெள்ளைப் பட்டை; நீண்ட மஞ்சள் அலகு, அதன் மேல் இன்னொரு சின்ன அலகைக் கவிழ்த்து வைத்தாற்போல ஒரு கொண்டை. அவள் தலைக்கு நேர் மேலே போனது. நிழல் கிணற்றுத் திட்டில் விழுந்து ஓடியது.

அண்ணனிடம் சொல்லவில்லை.

"ஏன்க்கா சொல்லல?" என்று நான் கேட்டேன்.

"கண்டதாச் சொல்லிட்டா அப்புறம் அது அன்கா இல்லல்லா? காலையில அவுகளுக்கு இருந்த சந்தோசம் அது ஒண்ணுதான்."

5

இந்தப் பகுதியை நான் நாலு தடவை எழுதினேன்.

முழங்கால் வலி கூடியது. மீரான் ராத்திரியில் தூக்கமில்லாமல் புரளுவதை ராபியா கேட்டுக்கொண்டு படுத்திருப்பாள். ரெங்கம்மாளிடம் சொன்னாள். ரெங்கம்மாளுடைய அக்காள் மகன் சங்கிலிப்பாண்டி தேன் எடுக்க மலையேறுகிறவன். மூட்டுவலிக்கு ஓர் எண்ணெய் காய்ச்சுவான், மலைப் பறவை ஒன்றின் கொழுப்பிலிருந்து எடுப்பது, தடவினால் இரும்பும் வளையும் என்றாள் ரெங்கம்மாள். "நல்லதா ஒரு குப்பி கொண்டுவரச் சொல்லுங்க" என்று ராபியா சொன்னாள்.

என் முதல் மூன்று பிரதிகளிலும் இதற்கடுத்து, 'அது எந்தப் பறவை என்று ராபியாவுக்குத் தெரியாது' என்று இருந்தது. படித்துக் காட்டியபோது அக்கா கையை நீட்டித் தடுத்தார்.

"அத மாத்து. தெரியாதுன்னு எழுதாத. கேக்கலன்னு எழுது."

அது எந்தப் பறவை என்று ராபியா கேட்கவில்லை.

6

ஒரு காலையில் சத்தம் வரவில்லை. மறுநாளும் இல்லை.

"அன்கா கோவிச்சுக்கிட்டு போலிருக்கு" என்றார் மீரான். அன்றைக்கு அவர் எழுத உட்காரவில்லை.

மத்தியானம் சங்கிலிப்பாண்டி வந்தான். முப்பது வயதிருக்கும்; புறங்கையில் தேன் எடுக்கும்போது தீப்பந்தம் பட்ட தழும்பு. குப்பியைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்திருந்தான். மீரான் வேட்டியை மேலே ஒதுக்கிக்கொண்டு உட்கார, அவனே கையில் ஊற்றி முழங்காலில் தேய்த்தான். தேய்ப்பு இதமாக இருந்தது.

"என்ன எண்ணெய் தம்பி இது?"

"இருவாச்சி சாயபு. பெரிய பறவ. பறந்தா ரயிலு போற மாதிரி இருக்கும்."

மீரான் குனிந்து தன் முழங்காலைப் பார்த்தார். எண்ணெய் பளபளத்தது. அவனுடைய கையைப் பிடித்து மெதுவாக எடுத்து அப்பால் வைத்தார்.

"எங்கன சுட்ட?"

"செண்பகாதேவிக்கு மேல. பழமரத்துல உக்காந்திருந்துச்சு." டவுன்காரர்களுக்கு இந்தச் சங்கதியெல்லாம் பிடிக்கும் என்று நினைத்தோ என்னவோ, அவன் மேலும் சொன்னான். "இந்த மாசத்துல ஆம்பளதான் வெளிய சுத்தும். பொட்ட மரப்பொந்துக்குள்ள கெடக்கும். மண்ணும் எச்சமும் வச்சு வாசலப் பூசி அடச்சிரும். அலகு நீட்ட மட்டும் ஒரு கீறல் விட்டிருக்கும். ஆம்பள பழம் கொண்டாந்து ஊட்டணும்—"

அங்கே அவனாகவே நிறுத்திக்கொண்டான்.

"ஆம்பள வரலன்னா?" என்று கேட்டது ராபியா.

"வேற ஆம்பளயாவும் இருக்கலாம்க்கா. மலையில எம்புட்டோ கெடக்கு."

"தினம் காலையில இந்த ஓட்டுக்கு மேலதான் போகும். ரெண்டு நாளா இல்ல."

சங்கிலிப்பாண்டி கூரையைப் பார்த்தான். இந்த வழியாக எந்த மரத்துக்குப் போகும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. சின்னப்பிள்ளையாக இருக்கும்போதே அந்த மரம் தெரியும். வருசா வருசம் அதே பொந்தில்தான் அடையும்.

மீரான் கேட்டார். "வாசல உடச்சு வெளிய விட்டுரலாம்லா?"

"உள்ள இருக்கையில அதுக்கு றெக்க உதுந்து கெடக்கும் சாயபு. பறக்க முடியாது. வெளிய விட்டா நரிக்குத்தான்."

பின்கட்டிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த ரெங்கம்மாள் வெளியே வந்தாள். "உள்ள குஞ்சு இருக்குமாலே?"

"இருக்கும் சின்னம்ம. இந்நேரம் பொரிச்சிருக்கும்."

"தாயும் பிள்ளையும் பட்டினி கெடக்கு. நீ இங்கன நின்னு பேச்சு பேசிட்டு இருக்க. போயிப் பாருலே!"

சாயங்காலம் திரும்பி வந்தான். மரத்தடியில் புதுப் பழக்கொட்டை ஒன்றுகூட விழுந்திருக்கவில்லை என்றான். ஆண் வந்து ஊட்டியிருந்தால் கொட்டை கீழே கிடக்கும். மீரான் கிணற்றடிக்குப் போய் முழங்காலைச் சோப்புப் போட்டுக் கழுவினார். கழுவிக்கொண்டே இருந்தார்.

7

சங்கிலிப்பாண்டியை நான் நம்பவில்லை. அதாவது, என் கதையில் அவன் செய்யப்போவதை. பறவையைச் சுட்டவனே அதன் குடும்பத்துக்குப் பழம் சுமப்பானா?

ஆகவே காரணங்களைத் தயாரித்தேன். ஒன்று: அவனுக்குச் சின்ன வயதில் தாய் இறந்துவிட்டாள். (பொய். ரெங்கம்மாளின் அக்காள் அப்போது வடகரையில் நன்றாக இருந்தாள்.) இரண்டு: மீரானின் கண்ணீர் அவனை மாற்றியது. (மீரான் அழவில்லை.) மூன்று: வனதேவதை கனவில்— வேண்டாம்.

கடைசியில் அக்காவிடமே கேட்டேன். "அவன் நல்லவனாக்கா, கெட்டவனா?"

"மரம் ஏறத் தெரிஞ்சவன்" என்றார் அக்கா. "எங்க மூணு பேருக்கும் தெரியாது. அதான் அவன் ஏறுனான்."

அவனைப் பற்றி என்னிடம் இருப்பது ஒரு பெயர், ஒரு தழும்பு, கொஞ்சம் பேச்சு. மீரான் கேட்டிருந்தால் அன்கா என்றிருப்பார்.

8

மரம் உயரம். தேன் எடுக்க ஏறுகிற மாதிரியே மூங்கில் முளைகளை அடித்து அடித்து மேலே போனான். பொந்துக்குக் கீழே ஒரு கிளையில் உட்கார்ந்து, நீளக் கம்பின் நுனியைப் பிளந்து அதில் அத்திப்பழத்தைச் செருகி, கீறலுக்கு நேரே நீட்டினான். உள்ளேயிருந்து சீறல்தான் வந்தது. பழம் கீழே விழுந்தது. மறுநாள் பழத்தை மாற்றிப் பார்த்தான். ஓணான் பிடித்துக் கட்டிப் பார்த்தான். எதுவும் ஆகவில்லை.

"ஆளப் பாத்துப் பயப்படுது" என்று வந்து சொன்னான். "நாளைக்கும் பாப்பேன். அப்புறம் என்னால ஒண்ணும் செய்ய முடியாது சாயபு."

அன்றைக்கு ராபியா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். சுளகு காற்றை அடித்து அடித்து எழுந்தது. அவள் கை நின்றது. சுளகை மட்டும் எடுத்து, அரிசி இல்லாமல், மேலும் கீழுமாக வேகமாக வீசிப் பார்த்தாள். விசுக், விசுக், விசுக்.

"தம்பி, நீ போகையில சத்தம் இல்லாமப் போற" என்றாள். "அதோட ஆள் வந்தா மரமே அதுருற மாதிரி சத்தம் வரும்லா? சத்தம் இல்லாம வர்றவன்கிட்ட அது எப்படி வாங்கும்?"

ரெங்கம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சங்கிலிப்பாண்டி சிரிக்கவில்லை. அவன் தலையைச் சாய்த்துக் கேட்டான்.

"இன்னொரு மட்டம் வீசுங்கக்கா" என்றான்.

9

மறுநாள் விடிந்ததும் நாலு பேரும் ஏறினார்கள். முன்னால் கம்போடும் பழக்கூடையோடும் சங்கிலிப்பாண்டி. பின்னால் சுளகை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ராபியா. அவளுக்குத் துணையாக ரெங்கம்மாள். எல்லாருக்கும் பின்னால் தடியை ஊன்றி ஊன்றி மீரான். வரவேண்டாம் என்று ராபியா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். சின்ன வயதிலிருந்தே பிடிவாதம்.

செண்பகாதேவிக்கு முந்தின ஏற்றத்திலேயே அவர் முழங்கால் மடங்கிவிட்டது. ஒரு பாறையில் உட்கார வைத்தார்கள்.

"நான் இங்கன இருக்கேன்" என்றார். "நீ போ."

வாழ்நாளெல்லாம் மலையுச்சிக் கூட்டைப் பற்றிப் படித்த மனிதர் பாதி வழியில் உட்கார்ந்துவிட்டார். தங்கை மேலே போனாள். (இந்த இடத்தில் ஒரு பெரிய வாக்கியம் எழுதத் தோன்றுகிறது. எழுதவில்லை. அவர் கால் வலித்தது, உட்கார்ந்தார்.)

மரத்தடி ஈரமாக இருந்தது. பொந்து ராபியாவுக்கு முதலில் தெரியவில்லை. சங்கிலிப்பாண்டி ஏறி, கிளையில் நின்று, கம்பால் சுட்டிக் காட்டிய பிறகு தெரிந்தது: மரத்தின் நிறத்திலேயே பூசிய மண், நடுவில் ஒரு கறுப்புக் கீறல். அவன் பழத்தைச் செருகிவிட்டுக் கீழே பார்த்தான். ராபியா முந்தானையை இறுக்கிச் செருகிக்கொண்டு இரண்டு கையாலும் சுளகை வீசினாள். முதலில் கூச்சமாக இருந்தது. பிறகு கூச்சம் போயிற்று. காலையில் கேட்டுக் கேட்டுப் பழகிய சத்தம். எங்கே வேகமெடுக்கும், எங்கே தணியும் என்று அவள் கைக்கே தெரிந்திருந்தது. வீசினாள், நிறுத்தினாள்.

கீறலில் ஏதோ அசைந்தது. மஞ்சள் நுனி ஒன்று வெளியே வந்தது. பழத்தைத் தொட்டது. பின்வாங்கியது. ராபியா மறுபடி வீசினாள். அலகு நன்றாக நீண்டு வந்து பழத்தைக் கவ்வி உள்ளே இழுத்துக்கொண்டது.

"வாங்கிட்டு!" என்று மேலேயிருந்து சங்கிலிப்பாண்டி சின்னப்பையன் மாதிரிக் கத்தினான். "யக்கா, வாங்கிட்டு!"

கூடை காலியாகும்வரை வீசினாள். ரெங்கம்மாள் இடையில் வாங்கி வீசினாள். கீழே இறங்கும்போது ராபியாவுக்கு இரண்டு தோளும் நெருப்பாக எரிந்தன. பாறையில் அண்ணன் காத்திருந்தார்.

"என்ன ஆச்சு?"

"வாங்கிச்சு."

"எப்படி இருந்தது?"

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "புருசன் வந்துட்டான்னு நெனச்சு வாங்கிச்சுண்ணே. அத நான் ஏமாத்திட்டேன்."

மீரான் தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து அவளிடம் நீட்டினார்.

10

அந்த ஏற்றம் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. சில நாளில் காய்ச்சல் கண்டது. முழங்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கியது. தென்காசிக்குக் கொண்டுபோனால்தான் டாக்டர். அதுவரை தினமும் மலையேறிய ராபியா, சுளகை ரெங்கம்மாள் கையில் கொடுத்துவிட்டு வண்டியேறினாள். இன்னும் கொஞ்ச நாள்தான், இறக்கை முளைத்ததும் தானே உடைத்துக்கொண்டு வந்துவிடும் என்று சங்கிலிப்பாண்டி சொல்லி அனுப்பினான்.

ரெங்கம்மாள் கொஞ்ச நாள் போனாள். பிறகு சீசன் நெருங்கியது. வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டும், ஆள் குடிவைக்க வேண்டும். நின்றுவிட்டாள். சங்கிலிப்பாண்டி தனியாகப் போனான் என்கிறார்கள்.

ஜூனில், தென்காசியில் சாரல் காற்று தொடங்கிய ஒரு மத்தியானம், அவன் வீட்டு வாசலில் வந்து நின்றான். கையில் சுளகு. அதன் விளிம்பு நாரெல்லாம் பிரிந்து தொங்கியது.

மீரான் உள்ளே கட்டிலில் இருந்தார். ராபியா கூப்பிட, தடியோடு வந்து வாசல் நிலையைப் பிடித்து நின்றார்.

"சாயபு, அது வந்து—"

"சொல்லாத" என்றார் மீரான்.

சங்கிலிப்பாண்டி விழித்தான்.

"சொல்ல வேண்டாம் தம்பி. சாப்பிட்டியா? ராபியா, இலை போடு."

அவன் சாப்பிட்டான். மீரான் எதிரிலேயே உட்கார்ந்து, தேன் விலை என்ன, மழை எப்படி என்று பேசிக்கொண்டிருந்தார். ராபியா பரிமாறப் போகும்போதெல்லாம் அண்ணன் கேட்காதே என்பதுபோல அவளைப் பார்த்தார். சாப்பிட்டு முடிந்ததும் தடியை ஊன்றிக்கொண்டு அவரே அவனோடு தெருமுனைவரை போய் வழியனுப்பினார். திரும்பி வந்தவரை ராபியா வாசலிலேயே மறித்தாள்.

"ஏண்ணே? ஏன் சொல்ல விடல?"

"பறந்துட்டுன்னு சொன்னான்னா, நாம மன்னிக்கப்பட்டதுக்கு அது அடையாளம்னு எழுதிருவேன். செத்துட்டுன்னு சொன்னான்னா, அதுக்கும் ஒரு அர்த்தம் கண்டுபிடிச்சு எழுதிருவேன். என் புத்தி அப்படி ராபியா. அந்த ஒண்ணாவது பறவையா இருந்துட்டுப் போகட்டும்."

அந்தப் புத்தகத்தை அவர் எழுதி முடிக்கவில்லை. ஐந்தாறு வருடம் கழித்து இறந்துபோனார்.

11

நான் இங்கேதான் கதையை முடித்து வைத்திருந்தேன். அழகான முடிவு என்று நினைத்தேன். மீரானின் பேச்சை இரண்டு தடவை சத்தமாகப் படித்து ரசித்தேன். அக்காவுக்கும் படித்துக் காட்டினேன்.

"எல்லாரும் அவுகளத்தான் மெச்சுவாங்க" என்றார் அக்கா. "எழுது. ஆனா எண்ணெய் வாங்கச் சொன்னது யாரு? நான்தானே? எனக்குத் தெரிய வேண்டாமா? அவுகளுக்கு அர்த்தம் வேண்டாம்னு இருந்துச்சு. எனக்கு அர்த்தமா வேணும்? உசுரோட இருக்கா இல்லையான்னு ஒரு சொல்லுதானே வேணும்."

நான் பேனாவை மூடி வைத்துவிட்டேன். கதை யாருடையது என்பதை ஒன்பதாம் பகுதியிலேயே நான் பார்த்திருக்க வேண்டும்.

ராபியா சும்மா இருக்கவில்லை. அண்ணனுக்குத் தெரியாமல் ரெங்கம்மாளிடம் ஆள் அனுப்பினாள். அதற்குள் சங்கிலிப்பாண்டி தோட்ட வேலைக்கு மலையாளத்துப் பக்கம் போய்விட்டான், பிறகு வரவேயில்லை. சீசன் முடிந்ததும் ராபியா தானே குற்றாலம் போனாள்.

"அவன் உங்கட்ட ஒண்ணும் சொல்லலையா?"

"கேட்டேன், கேட்காம இருப்பேனா?" என்றாள் ரெங்கம்மாள். "'போயிட்டு சின்னம்ம'ன்னான்."

"போயிட்டுன்னா? பறந்து போயிட்டா, இல்ல—"

"போயிட்டுன்னான். அவ்வளவுதான் சொன்னான். எனக்கு அடுப்புல வேல. வீடு நிறைய ஆளு. நானும் மேல கேட்கல."

பாரசீகத்தில் அவனுக்கும் அவளுக்கும் ஒரே சொல். எங்கள் ஊரில் பறந்து போனதற்கும் செத்துப் போனதற்கும் ஒரே சொல்.

ஆகவே முடிவுகள் என்னிடம் சில இருக்கின்றன. அது வாசலை உடைத்துக்கொண்டு வந்து, குஞ்சையும் கூட்டிக்கொண்டு போயிற்று. நார் பிரிந்த சுளகே சாட்சி, வீசாமல் நார் பிரியுமா? அல்லது, ரெங்கம்மாள் நின்ற பிறகு ஓர் ஆளால் ஏறவும் வீசவும் முடியவில்லை. கீழே நின்று வெறுமனே வீசிக்கொண்டே இருந்தான். நார் அதற்கும் பிரியும். அல்லது, தாய் வந்தது, குஞ்சு—

போன மாதம் நான், அக்கா சொன்ன அடையாளத்தை வைத்து, ஒரு வனக்காவலரோடு அந்த மரத்தைப் பார்க்கப் போனேன். பொந்து இருந்தது, பூச்சு இல்லை. இத்தனை மழைக்காலம் போன பிறகு உள்ளேயிருந்து உடைந்ததா, வெளியேயிருந்தா என்று யாராலும் சொல்ல முடியாது என்றார் காவலர். பொந்துக்குள் எதுவும் குடியில்லை. இது பிப்ரவரி என்றால் சொல்லலாம், இப்போது அதன் காலமும் இல்லை என்றார்.

12

இந்தப் பிரதியை நேற்று அக்காவிடம் முழுதும் படித்துக் காட்டினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"முடிவு இல்லையேட்டி."

"இல்லக்கா. அன்னைக்கு அவன் வாசல்ல நின்னானே, நீங்க பாத்தீங்கல்லா? அவன் முகத்துல என்ன தெரிஞ்சுது? சந்தோசமா, துக்கமா?"

அக்கா இதைப் பலமுறை தனக்குள் கேட்டுக்கொண்டவர் போலத்தான் இருந்தது.

"பசிதான் தெரிஞ்சுது" என்றார். "குத்தாலத்துல இருந்து நடந்தே வந்திருக்கான். ரெண்டு மட்டம் சோறு வாங்கித் தின்னான்."

கொஞ்சம் கழித்து என் கையிலிருந்த தாள்களைக் காட்டிக் கேட்டார். "இத யாரெல்லாம் படிப்பாங்க?"

"யார் வேணும்னாலும் படிக்கலாம்."

"மலையாளத்துப் பக்கமும் போகுமா?"

"போகலாம்."

"அப்ப கடைசியில ஒண்ணு எழுது. அந்த மரத்துல என்ன நடந்துச்சுன்னு தெரிஞ்சவுக யாராவது இருந்தா, வந்து எங்கிட்ட சொல்லச் சொல்லு. தடுக்கதுக்கு எங்க அண்ணன் இப்ப இல்ல. ரெண்டுல எதுவா இருந்தாலும் நான் கேட்டுக்கிடுவேன். அழ மாட்டேன்." எழுந்து அடுக்களைப் பக்கம் போனவர் வாசலில் திரும்பி நின்றார். "ஆனா வந்த உடனேயே சொல்ல வேண்டாம்னு எழுது. சாப்பிட்டுட்டுச் சொல்லட்டும்."